பந்து அமுக்க மாட்டேன்னு சொல்ற அப்பாவுக்கு பாட்டு கேம் கை கொடுக்குமா?

கேள்வி: மேடம், திண்டுக்கல் பக்கத்துல இருந்து எழுதுறேன். அப்பாவுக்கு 63 வயசு. முப்பது வருஷம் டீக்கடை வச்சிருந்தவர். ஏழு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துடுச்சு, இடது பக்க மூளையில அடைப்புன்னு ஸ்கேன்ல சொன்னாங்க. இப்ப ஸ்டிக் பிடிச்சு நடக்குறாரு. கையை ஓரளவு தூக்குறாரு, விரலை மடக்குறாரு, விரிக்கத்தான் ரொம்ப கஷ்டப்படுறாரு. பேச்சும் திக்கித் திக்கித்தான் வருது. ஸ்பான்ஞ் பந்து அமுக்கச் சொன்னா தூக்கி எறியுறாரு. எந்நேரமும் பழைய பாட்டு மட்டும் கேட்டுட்டு இருக்காரு. தம்பி வெளிநாட்டுல இருக்கான், அங்க கையில மாட்டிக்கிட்டு பாட்டுக்கு ஏத்த மாதிரி விரலை அசைக்கிற மியூசிக் கையுறை ஒண்ணு இருக்காம், வாங்கி அனுப்பவான்னு கேக்குறான். வாங்கலாமா? இல்ல மொபைல்ல வர்ற பியானோ கேம் போதுமா? ஆறு மாசம் தாண்டிட்டா இனி கை வராதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, அது நிஜமா?

பதில்: சகோதரி, கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா உங்களை ராத்திரி தூங்க விடாம பண்றது அதுதான்னு நினைக்கிறேன். ஆறு மாசம்ங்கிறது கதவு சாத்துற நாள் இல்லைங்க. முதல் மூணு மாசம் மாற்றம் வேகமா வரும், அப்புறம் மெதுவாகும், அவ்வளவுதான். உங்க தம்பி சொல்ற கையுறையையே ஸ்ட்ரோக் வந்து ஆறு மாசத்துக்கு மேல ஆனவங்களை வச்சுத்தான் சோதிச்சுப் பார்த்தாங்க, அவங்களுக்கும் முன்னேற்றம் இருந்துச்சு. அதனால சொந்தக்காரங்க சொல்றதை அப்பா காதுல விழாம பாத்துக்கோங்க, "இனிமே வராது"ன்னு ஒரு தடவை கேட்டுட்டா அந்தக் கையை மடியில போட்டுட்டு உக்காந்துடுவாங்க, நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டா இருக்குற இத்தனை வருஷத்துல அதை நிறைய வீட்ல பாத்துட்டேன். கை உண்மையிலேயே முடியாம கிடக்குறது ஒண்ணு, முடிஞ்சும் பயன்படுத்தாம விட்டு மூளை அதை மறந்துபோறது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் நம்ம கையில இருக்கு.

பந்து விஷயத்துல நான் அப்பா பக்கம். விரல் ஏற்கனவே மடங்கி நிக்குது, அவருக்கு வராதது விரிக்கிறது, அப்படி இருக்கும்போது நாள் முழுக்க பந்தை அமுக்கு அமுக்குன்னா வர்ற வேலையையே திரும்பத் திரும்ப செய்யுறோம். அமுக்குறது எல்லாருக்கும் தப்புன்னு சொல்லல, உங்க பிசியோதெரபிஸ்ட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, ஆனா இவருக்கு இப்போதைக்கு பிடிச்சதை விடுற பயிற்சி, விரலைத் திறக்குற பயிற்சிதான் வேணும்னு எனக்குத் தோணுது. அதோட பந்து ஒரு பதிலும் சொல்லாது பாருங்க. அமுக்கினா அமுங்கும். சரியா செஞ்சோமா, நேத்தைக்கு இன்னிக்கு பரவாயில்லையா, ஒண்ணும் தெரியாது. முப்பது வருஷம் கிளாஸ் நுரையைப் பாத்தே டீயோட பதம் சொன்ன மனுஷனுக்கு அது எரிச்சலாத்தான் இருக்கும்.

இப்ப பாட்டுக்கு வர்றேன். பாட்டு மருந்து இல்லைங்க. மருந்துன்னு ஒண்ணு இருந்தா அது எண்ணிக்கை. மூளையில ஒரு இடம் செத்துப்போனா பக்கத்துல இருக்குற இடங்கள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கணும், அதுக்கு ஒரே அசைவை நூத்துக்கணக்குல திரும்பத் திரும்பச் செய்யணும், மிருகங்களை வச்சு பண்ண ஆய்வுகள்ல ஒரு நாளைக்கு பல நூறு தடவை செய்ய வச்சுத்தான் மூளையில மாற்றத்தைப் பார்த்தாங்க. மனுஷங்களுக்கு நாங்க எவ்வளவு கொடுக்குறோம்? அமெரிக்கா, கனடாவுல தெரபி நடக்கும்போதே பக்கத்துல உக்காந்து எண்ணி 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, கையால வேலை செய்யுற பயிற்சி ஒரு செஷனுக்கு சராசரி 32 தடவைதான் நடந்திருக்கு. அதுவும் பாதி செஷன்லதான் அந்தப் பயிற்சியே இருந்திருக்கு. அதைப் படிச்ச அன்னிக்கு நான் என் நோயாளிகளுக்கு எண்ண ஆரம்பிச்சேன், என் கணக்கும் அதை ஒட்டித்தான் இருந்துச்சு, மனசு கஷ்டமாயிடுச்சு.

பாட்டு இங்கதான் உதவுது. நிமிஷத்துக்கு 80 தாள அடி வர்ற ஒரு நிதானமான பாட்டை எடுத்துக்கோங்க, நாலு அடிக்கு ஒரு தடவை கையால தட்டினா நிமிஷத்துக்கு 20, நாலரை நிமிஷப் பாட்டுக்கு 90. மூணு பாட்டுன்னா 270. "அப்பா 270 தடவை கையைத் தூக்குங்க"ன்னு சொல்லிப் பாருங்க, ஸ்டிக்கை எடுத்துடுவாரு. மூணு பாட்டுக்குத் தட்டுங்கன்னா தட்டுவாரு. நம்ம ஊர்ல ஏத்தம் இறைச்சவங்க ஏத்தப்பாட்டு பாடினதும், வயல்ல பாட்டோட நாத்து நட்டதும், ரெண்டு பொம்பளைங்க ஒரே உரல்ல உலக்கை மாத்தி மாத்திப் போட்டும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காம குத்தினதும் இதே கணக்குதான்.

இன்னொரு காரணமும் இருக்கு. தாளம்னா அடுத்த அடி எப்ப விழும்னு காதுக்கு முன்னாடியே தெரியும், காது கேக்குற இடமும் கை கால் அசைக்குற இடமும் மூளைக்குள்ள ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கு, அதனால அடி விழறதுக்கு முன்னாடியே தசை தயாராயிடுது. ஸ்ட்ரோக் வந்த கைக்கு ரொம்ப சிரமம் "ஆரம்பிக்கிறது"தான், அந்த ஆரம்பத்தை தாளம் தள்ளி விடுது. நடைக்கும் இதே மாதிரி தாளத்தை வச்சு பயிற்சி கொடுக்குறது இருக்கு, 1990கள்ல அமெரிக்காவுல மைக்கேல் தாட் அதை நல்லா வளர்த்தெடுத்தாரு. ஆனா ஸ்டிக் பிடிச்சு நடக்குறவரை வீட்ல நீங்களா பாட்டுக்கு நடக்க வைக்காதீங்க, விழுந்துட்டா இருக்குறதும் போயிடும், அதை தெரபிஸ்ட் பக்கத்துல இருக்கும்போது மட்டும் வச்சுக்கலாம்.

கையுறை பத்தி. அது பேரு மியூசிக்குளோவ், கலிஃபோர்னியாவுல இர்வைன் பல்கலைக்கழகத்துல நிசான் ஃபிரைட்மேன்ங்கிறவர் தன் குழுவோட செஞ்சது. விரல் நுனியில எல்லாம் கரண்ட் தொடர்பு புள்ளிகள் இருக்கும், ஸ்க்ரீன்ல பாட்டோட கலர் கலரா புள்ளி இறங்கி வரும், பச்சைக்கு ஒரு விரல், சிவப்புக்கு ஒரு விரல்ங்கிற மாதிரி கட்டை விரலால அந்தந்த விரலைச் சரியான நேரத்துல தொடணும், சாவி பிடிக்கிற மாதிரி ஆள்காட்டி விரலோட பக்கவாட்டைத் தொடுறதும் உண்டு. 2014ல வந்த ஆய்வுல 12 பேர்கிட்ட சோதிச்சாங்க, சின்னப் பொருள் எடுக்குறதுல வழக்கமான கைப் பயிற்சியை விட இது நல்லா வேலை செஞ்சுது. அப்புறம் 2016ல 17 பேருக்கு வீட்லயே கொடுத்துப் பார்த்தாங்க, வாரம் மூணு மணி நேரம், மூணு வாரம். பாதிப் பேருக்கு கையுறை, மீதிப் பேருக்கு பேப்பர்ல எழுதின சாதாரண எக்சர்சைஸ். ஒரு நிமிஷத்துல எத்தனை சின்னக் கட்டைகளை எடுத்துப் போடுறாங்கன்னு பாக்குற டெஸ்ட்ல ரெண்டு கூட்டத்துக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ஆனா கையுறை போட்டவங்க "என் கையை வீட்டு வேலைக்கு முன்னை விட அதிகமா, நல்லா பயன்படுத்துறேன்"னு சொன்னதுல தெளிவான வித்தியாசம் இருந்துச்சு. எனக்கு இந்த ரெண்டாவது விஷயம்தான் பெருசாப் படுது, கட்டை எடுக்குற டெஸ்ட்டுக்காகவா நாம கையை மீட்கப் பாடுபடுறோம்? ஆனாலும் நேர்மையா சொல்லணும்னா, அது நல்ல பொருள், அதிசயப் பொருள் இல்ல.

அதோட அந்தக் கையுறை விளையாடணும்னா கட்டை விரல் இன்னொரு விரலைத் தொடணும், தொட்டதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போகணும். உங்க அப்பாவுக்கு விடுறதுதான் வரல. விறைச்ச கையில எந்தக் கையுறையை மாட்டுறதும் தினம் ஒரு போராட்டம், அதையும் சேத்து யோசிங்க. இன்னிக்கு ராத்திரியே ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. அப்பாவை நல்லா சாஞ்சு உக்கார வச்சு, வலது முழங்கையை மேஜை மேல வச்சு, கட்டை விரலால ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டுத் தொட்டு விடச் சொல்லுங்க, ஒரு நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணுங்க. அஞ்சாறு தடவையாவது வந்தா கையுறை பத்திப் பேசலாம். ஒரு தடவை தொட்டு அப்படியே ஒட்டிக்கிட்டு நின்னுட்டா இப்ப வேண்டாம், காசும் போயி அவருக்கு மனசும் விட்டுடும்.

மொபைல் பியானோ கேம் வேண்டவே வேண்டாம்ங்க. அது நல்ல விரலுக்காக செஞ்சது. மடங்கின விரல்ல நகம்தான் முதல்ல ஸ்க்ரீன்ல படும், நகத்தை ஸ்க்ரீன் கண்டுக்காது, அவர் சரியாத் தட்டியும் தப்புன்னு சிவப்பு வரும். வேகத்தையும் பெரும்பாலும் குறைக்க முடியாது. ரெண்டாவது நிமிஷம் இடது கை தானா உள்ள வந்துடும், நீங்க அடுப்படியில இருந்து சத்தத்தைக் கேட்டு அப்பா விளையாடுறாருன்னு நினைச்சுட்டு இருப்பீங்க.

அப்ப என்ன பண்றதுன்னா, ஜெர்மனியில 2007ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, எலக்ட்ரானிக் டிரம் பேட் எட்டை வச்சு பெரிய கை அசைவுக்கும், ஒரு கீபோர்டை வச்சு விரல் அசைவுக்கும் பயிற்சி, மூணு வாரத்துல அரை அரை மணி நேரமா 15 செஷன், வழக்கமான தெரபியோட சேத்து. சங்கீதமே தெரியாத ஆளுங்கதான் அதுல இருந்தாங்க, கை வேகமும் துல்லியமும் நல்லா கூடுச்சு. அதை நம்ம வீட்ல செய்யலாம். எவர்சில்வர் தட்டு ஒண்ணு, கவுத்த பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, மரப்பலகை ஒண்ணு, மூணுக்கும் மூணு சத்தம். மேஜையில வலது பக்கமா வரிசையா வைங்க. விரிச்ச கையால தட்டணும், குத்தக்கூடாது. முதல் வாரம் ஒரே தட்டு, நாலு அடிக்கு ஒரு தடவை. அடுத்து ரெண்டு, பாட்டுல பல்லவிக்குத் தட்டு, சரணத்துக்கு டப்பா. அப்புறம் நீங்களும் எதிர்ல உக்காந்து ஆளுக்கு ஒரு அடி மாத்தி மாத்தி, அந்த உலக்கை மாதிரி. பத்துக்கு ஏழு எட்டு அடி சரியா விழுற அளவுக்குத்தான் கஷ்டம் இருக்கணும், பத்தும் விழுந்தா வேகத்தைக் கூட்டுங்க, அஞ்சு விழுந்தா குறைங்க, இது என் அனுபவத்துல வச்சிருக்குற கணக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, வேளைக்கு மூணு பாட்டு. பழைய கீபோர்டு யாரோட வீட்லயாவது சும்மா கிடந்தா வாங்கிட்டு வாங்க, அழுத்தினா கீழ போற கட்டை, டச் ஸ்க்ரீனை விட ஆயிரம் மடங்கு நல்லது.

தட்டுறது நல்லா வந்தப்புறம் தாளம் போட சொல்லிக் கொடுங்க. கச்சேரியில முன் வரிசையில தொடையில தாளம் போடுறவங்களைப் பாத்திருப்பீங்க. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, அப்புறம் சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இதுல விரல் எண்ணுறதுல ஒவ்வொரு விரலையும் தனித்தனியா பிரிச்சு அசைக்கணும், அந்த இர்வைன் கையுறை கேக்குறதும் கிட்டத்தட்ட அதேதான். வீச்சுல உள்ளங்கை மேல பாக்குற மாதிரி திருப்பணும் பாருங்க, அதுதான் ஸ்ட்ரோக் கைக்கு கடைசியா வர்ற அசைவுகள்ல ஒண்ணு. உள்ளங்கை மேல திரும்பினாத்தான் கையேந்தி மாத்திரை வாங்கிக்க முடியும், முகம் கழுவத் தண்ணி அள்ள முடியும். முதல்ல உங்க கையால அவர் கையைப் பிடிச்சுத் திருப்பி விடுங்க, எட்டுல ஒண்ணாவது தானா திரும்ப ஆரம்பிக்கும். சங்கீத ஞானமெல்லாம் வேண்டியதில்ல.

பாட்டை நீங்க தேர்ந்தெடுக்காதீங்க. பூ கட்டி வித்துட்டு இருந்த ஒரு அம்மா, 58 வயசு, எங்கிட்ட வந்தாங்க, அவங்களுக்கும் வலது கைதான். வயசானவங்களாச்சேன்னு நான் பக்திப் பாட்டு போட்டேன். நாலு நாள் சும்மா கடனுக்குத் தட்டினாங்க. அஞ்சாம் நாள் வெளிய தெருவுல கல்யாண ஊர்வலம் போச்சு, குத்துப்பாட்டு, பேண்ட் செட். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன், திரும்பிப் பாத்தா அந்த வலது கை மேஜையில தானா ஆடிட்டு இருக்கு, சுண்டு விரல் வரைக்கும் லேசா தூக்கித் தூக்கி விழுது. அவங்களுக்கே தெரியல. "அம்மா கையைப் பாருங்க"ன்னேன், பாத்தாங்க, ஊர்வலம் தெருமுனை திரும்புற வரைக்கும் ரெண்டு பேரும் அந்தக் கையையே பாத்துட்டு இருந்தோம். அதுக்கப்புறம் அவங்க கேட்ட பாட்டுதான். ரெண்டு மாசம் கழிச்சு வாழைநாரைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இறுக்கிப் பிடிச்சு ரெண்டு மல்லி கட்டினாங்க, ரெண்டே ரெண்டு, கோணலாத்தான் இருந்துச்சு. அதை எடுத்து என் தலையில வச்சு விட்டாங்க. அதனால டீக்கடையில எந்தப் பாட்டுக்கு கிளாஸைத் தட்டுவீங்கன்னு அப்பாகிட்ட கேளுங்க, அதைப் போடுங்க.

அவர் எந்நேரமும் பாட்டு கேக்குறதை வீணா நேரம் போக்குறாருன்னு நினைக்காதீங்க. ஹெல்சின்கியில 60 ஸ்ட்ரோக் நோயாளிகளை மூணு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு தினம் ஒரு மணி நேரமாவது பிடிச்ச பாட்டு, இன்னொரு குழுவுக்கு ஒலிப்புத்தகம், மூணாவதுக்கு ரெண்டும் இல்லாம ரெண்டு மாசம் கொடுத்துப் பாத்தாங்க. பாட்டு கேட்டவங்களுக்கு வார்த்தை ஞாபகமும் கவனமும் நல்லா மீண்டு வந்துச்சு, மனச்சோர்வும் குறைவா இருந்துச்சு, 2008ல வெளியானது. பேச்சு திக்குதுன்னு எழுதியிருக்கீங்க, பாட்டு ஓடும்போது கூடவே முணுமுணுக்குறாரான்னு கவனிங்க. பேச முடியாதவங்க சில பேர் பாடுவாங்க, அதைப் பிடிச்சுத்தான் பாஸ்டன்ல 1973லயே ராகத்தோட பேச வைக்கிற ஒரு பயிற்சி முறை கொண்டு வந்தாங்க, வார்த்தையைத் துண்டு துண்டா பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் இடது கையால ஒரு தட்டு தட்டிக்கிட்டே சொல்ல வைப்பாங்க. அதை ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருத்தர் பாத்துத்தான் ஆரம்பிக்கணும், ஆனா அப்பா முணுமுணுக்குறாருன்னா அந்தத் தகவல் அவங்களுக்கு ரொம்ப உதவும், போனதும் சொல்லுங்க.

சில எச்சரிக்கை. கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்காதீங்க, ஸ்ட்ரோக் தோள்பட்டை எலும்பு கிண்ணத்துல தளர்ந்து நிக்கும், ஒரு இழுப்புல மாசக்கணக்கா வலி வந்துடும். தட்டும்போது தோள் காதுகிட்ட ஏறினாலோ உடம்பு ஒரு பக்கம் சாஞ்சாலோ தட்டு ரொம்ப தூரத்துல இருக்குன்னு அர்த்தம், கிட்ட கொண்டு வாங்க. வலிச்சா நிறுத்திடணும், வலியைப் பொறுத்துக்கிட்டு செஞ்சா சீக்கிரம் வரும்ங்கிறது தப்பு. எப்பவாவது வலிப்பு வந்திருந்தா ஸ்க்ரீன் மின்னுற எந்த விளையாட்டும் டாக்டரைக் கேக்காம வேண்டாம். பிபி மாத்திரை, ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை எதையும் "கை தேறிடுச்சு"ன்னு நிறுத்தக்கூடாது. திடீர்னு வாய் கோணுனாலோ, பேச்சு இன்னும் குழறினாலோ, புதுசா மரத்துப் போனாலோ அப்படியே 108. விரல் இரும்பு மாதிரி இறுகிக்கிட்டு உங்க கையால கூட விரிக்க முடியலன்னா பாட்டு மட்டும் போதாது, விறைப்பைக் குறைக்க ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு, நரம்பு டாக்டரைப் பாருங்க. தெரபிக்கு அலைய முடியலன்னா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபி கொடுக்குறாங்க, 2021ல இருந்து நடக்குது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு பதிஞ்சுடுங்க.

ஒண்ணு மட்டும் விட்டுடாதீங்க. மூணாவது பாட்டு முடிஞ்ச கையோட, கை சூடா இருக்கும்போதே, ஒரு நிஜ வேலை. டம்ளர் நகர்த்துறது, சட்டை பட்டனைப் பிடிக்கிறது, சுவிட்ச் போடுறது. அப்பாவுக்கு நான் சொல்றது, காலி டீ கிளாஸ். அவர் வலது கைக்கு எட்டுற மாதிரி ஒரு காலி கிளாஸை வைங்க, பிடிச்சு ஒரு சாண் நகர்த்தி வச்சு விரலை விடணும். விடுறதுதான் முக்கியம், எவ்வளவு நேரம் ஆனாலும் நீங்க பிரிச்சு விடாதீங்க. சூடா எதுவும் வேண்டாம், தொடு உணர்ச்சி குறைஞ்சிருந்தா சுட்டது கூட தெரியாது.

அளவு பாக்க ஆஸ்பத்திரியில ஒரு பெட்டி வச்சிருப்போம், நடுவுல தடுப்பு, ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு ரெண்டரை சென்டிமீட்டர் கட்டைகளை 60 செகண்ட்ல எத்தனை மாத்துறாங்கன்னு எண்ணுவோம். உங்க ஊர்ல சின்ன வெங்காயத்துக்கா பஞ்சம்? ரெண்டு கிண்ணம், இருபது வெங்காயம், போன்ல ஒரு நிமிஷ டைமர். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு தடவை மட்டும், காலண்டர்ல அந்த தேதியிலயே எழுதி வைங்க. முதல் வாரம் ரெண்டு வந்தாலும் ரெண்டுன்னே எழுதுங்க, அப்பா பாக்குற இடத்துல காலண்டர் மாட்டியிருக்கட்டும். மூணு வாரம் கழிச்சு அந்த எண்ணிக்கையையும், கட்டை விரல் தொட்டு விடுற கணக்கையும் எனக்கு எழுதுங்க. அதைப் பாத்துட்டு கையுறை வேணுமா வேண்டாமான்னு தம்பிகிட்ட சொல்லிக்கலாம், அதுவரைக்கும் அவன் ஒண்ணு செய்யலாம், வீடியோ கால்ல வந்து அப்பாவோட ஒரு பாட்டுக்கு மட்டும் தட்டச் சொல்லுங்க. கால்ல சத்தம் கொஞ்சம் தாமதமா வரும், தாளம் சேராது, அதனால பாட்டு உங்க பக்கம் மட்டும் ஓடட்டும், தம்பி அப்பா கையைப் பாத்து எண்ணிக்கிட்டே வரட்டும்.